மூங்கில் முளையும் மூன்று மாதப் பையும்

ஒரத்தநாட்டுப் பக்கம் எங்கள் ஊர். 2019 தை மாதம், சம்பா அறுப்பு முடிந்து வைக்கோல் போர் போட்டுக்கொண்டிருந்தோம். மேலே நின்று அடுக்கியது நான். இறங்க ஏணி இருந்தது. சின்ன வயதுப் பழக்கத்தில் சறுக்கினேன். மாடு வாய் வைக்காமலிருக்கப் போரைச் சுற்றி அடித்திருந்த மூங்கில் முளை ஒன்று ஆசனவாய்க்குப் பக்கத்தில் ஏறிவிட்டது.

வலிக்கு முன்னால் வெட்கம்தான் வந்தது. சித்தப்பா என் இடுப்பைப் பிடித்து, "ஒரே தூக்கா தூக்கிடுவோம்டா" என்றார். 108க்குப் போன் போட்ட தங்கை, அவர்கள் சொன்னதை அப்படியே கத்தினாள்: "உருவக் கூடாதாம்!" கிழிந்த ரத்தக்குழாயைக் குத்திய பொருளே அடைத்துக்கொண்டிருக்கலாம், உருவினால் இடுப்புக்குள் கொட்டும் ரத்தத்தை வெளியிலிருந்து அமுக்கி நிறுத்த முடியாது. இது எனக்குப் பிறகு தெரிந்தது. அரிவாள் போட்டால் அதிரும் என்று ரம்பம் கொண்டுவந்து, நாலு பேர் என்னைத் தாங்கிக்கொள்ள, மண்ணை ஒட்டி அறுத்தார்கள். அந்த ஐந்து நிமிடத்தைப் பற்றி எழுத இஷ்டமில்லை.

தஞ்சாவூரில் டிடி ஊசி, ஆன்டிபயாடிக், ரத்தம் எல்லாம் மளமளவென்று நடந்தன. சிறுநீர்க் குழாய் போட வந்தவரை மட்டும் டாக்டர் நிறுத்தினார். சிறுநீர் வரும் துவாரத்தின் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் இருந்ததாம். உள்ளே பாதை கிழிந்திருந்தால் குழாய் அதை மோசமாக்கிவிடும். மருந்து ஏற்றி எக்ஸ்ரே எடுத்து, பாதை நன்றாக இருக்கிறது என்று பார்த்த பிறகே போட்டார்கள். முளை மலக்குடலைத் துளைத்துச் சிறுநீர்ப்பையையும் கிழித்திருந்தது ஸ்கேனில் தெரிந்தது.

முதலில் வயிற்றைத் திறந்து, ரத்தம் பீறிட்டால் பிடிக்கத் தயாராக இருந்துகொண்டுதான் முளையை உருவினார்களாம். சிறுநீர்ப்பையைத் தைத்தார்கள். பின்பக்கக் காயத்தைத் தைக்கவில்லை. மூங்கில் சிராய் உள்ளே தங்கிச் சீழ் வைக்கும் என்று திறந்தே விட்டுக் கழுவினார்கள். இரண்டாம் முறை கழுவும்போது நிஜமாகவே ஒரு துண்டு வந்தது. மலம் காயத்தில் படக்கூடாது என்பதால் பெருங்குடலை இடது வயிற்றில் வெளியே எடுத்து ஒரு பை மாட்டினார்கள்.

சிறுநீர்க் குழாய் இரண்டு வாரத்தில் போனது. பை மூன்று மாதம். ஆபரேஷனைவிட அதுதான் பாடு. பையின் ஓட்டையைக் குடல் வாயின் அளவுக்குச் சரியாகக் கத்தரிக்க வேண்டும்; பெரிதாகிவிட்டால் கசிந்து தோல் வெந்துபோகும். எனக்கு அது பிடிபட ஒரு மாதம் ஆனது. பங்குனி வெயிலில் வியர்த்தால் ஒட்டியது பெயரும். ஒரு கல்யாணப் பந்தியில் பை உப்பிச் சத்தம் போட்டது. பக்கத்து இலைக்காரர் என்னைப் பார்க்க, நான் மும்முரமாக ரசம் கேட்டேன். மொச்சையை அம்மா அடுப்படியிலேயே சேர்க்கவில்லை.

சித்திரைக் கடைசியில், கீழ்க்குடலில் மருந்து செலுத்திப் படமெடுத்து, ஓட்டை ஆறிவிட்டது என்று தெரிந்ததும் குடலை உள்ளே சேர்த்துத் தைத்தார்கள். அப்புறம் தினமும் ரவுண்ட்ஸில் ஒரே கேள்வி: "காத்து பிரிஞ்சுதா?" குடல் வேலை செய்கிறதா என்பதற்கு அதுதான் அடையாளம். மூன்றாம் நாள் விடியற்காலை பிரிந்தது. இடுப்புக்குக் கீழே எதையும் வாய் திறந்து சொல்லக் கூசிய நான், வார்டே விழிக்கும்படி அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னேன்.