ஞாயிறு சாயங்காலம், காபியும் தத்துவமும்

கூடலூர். காபி காயும் களத்தில் ஒரு பழத்தை எடுத்துக் காதருகே ஆட்டினார் பாட்டி. "உள்ள கொட்டை ஆடுது, கேளு தம்பி. காஞ்சிருச்சு."

கறுத்துச் சுருங்கிய தோல். உள்ளே லேசாக ஒரு கடகட சத்தம். உடைக்காமலே உள்ளே இருப்பது தெரிந்துவிட்டது. தர்க்கத்தில் இதற்குப் பெயர் அனுமானம்.

ரொம்ப நாளாக மனதில் இருந்த திட்டத்தை அங்கேயே முடிவு செய்தேன். வரும் ஞாயிறு முதல் நண்பர்களோடு காபி, கூடவே மணிமேகலையின் 27-ஆம் காதை. வஞ்சி நகரில் அளவைவாதி முதல் பூதவாதி வரை சமயவாதிகள் ஒவ்வொருவராகத் தங்கள் கொள்கையைச் சொல்லும் இடம். வாரம் ஒருவர்.

எனக்கு ஆவல் பூதவாதி மேல்தான். தாதகிப் பூவும் வெல்லக்கட்டியும் சேர்ந்தால் போதை பிறப்பது போல, நிலம், நீர் முதலான பூதங்கள் கூடினால் உணர்வு பிறக்கும் என்கிறார். கண்ணால் காண்பதுதான் அவருக்குச் சான்று, அனுமானம் செல்லாது. பாட்டியின் காதுக்கு அவர் என்ன பதில் சொல்வார்?

அந்த வாரம் பாட்டியையும் அழைக்கப் போகிறேன். காபித்தூள் அவர் வீட்டில் வறுத்து இடித்தது, சிக்கரி கிடையாது. பந்தலூர், பத்தேரி பக்கம் இருப்பவர்கள் தாராளமாக வாருங்கள். மலையாளத்திலும் பேசலாம்.