விளக்கு அவர்களுக்கு, கோபுரம் உங்களுக்கு

கலங்கரை விளக்கம் ஒன்றை ஊர்க்காரர்கள் ஒரு டாலருக்கு வாங்கிவிட்டார்கள் என்று கனடாவில் அவ்வப்போது செய்தி வரும். அந்த ஒரு டாலர் தவறாமல் தலைப்பில் ஏறிவிடும். அதற்கு முன்னால் நடக்கும் வேலைகளில் ஒரு பகுதிதான் பல வருஷம் என் பிழைப்பு. கைமாறப் போகும் கட்டடங்களைச் சோதித்து, அவற்றின் நிலையைப் பற்றி அறிக்கை எழுதும் பொறியாளனாக நோவா ஸ்கோஷியா கரையோரம் சுற்றிக்கொண்டிருந்தேன்.

பாரம்பரியக் கலங்கரை விளக்கங்களைப் பாதுகாக்கும் சட்டம் 2008-ல் நிறைவேறி, 2010 மே 29 அன்று நடைமுறைக்கு வந்தது. பதினெட்டு வயது நிரம்பிய 25 பேர் கையெழுத்துப் போட்டால் ஒரு விளக்கத்தைப் பாரம்பரியச் சின்னமாக்கப் பரிந்துரைக்க 2012 மே வரை வாய்ப்பு இருந்தது. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதே சமயத்தில், விளக்கங்களைத் தன் கையில் வைத்திருந்த மத்திய அரசின் மீன்வளத் துறை ஏறக்குறைய ஆயிரம் கலங்கரை விளக்கங்களைத் 'தேவைக்கு மிஞ்சியவை' என்று அறிவித்துவிட்டது. 1758-ல் கட்டி இன்னும் நிற்கிற சாம்ப்ரோ தீவு விளக்கம்கூட அந்தப் பட்டியலில் இருந்தது. பட்டியலில் உள்ள ஒன்றுக்குச் சின்னம் என்ற தகுதி வேண்டுமானால், அதை வாங்கிப் பராமரிக்கிறோம் என்று யாராவது எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. பாராட்டுப் பத்திரத்தோடு பராமரிப்புச் செலவையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்தார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது.

நான் பார்த்தவற்றில் பல, அடி அகன்று மேலே போகப் போகக் குறுகும் சதுர மரக்கோபுரங்கள். வெளியே வெள்ளை பெயின்ட் பளிச்சென்று இருக்கும். ஜன்னலின் அடிக்கட்டையில் குத்தூசியை வைத்து லேசாக அழுத்துவேன். நல்ல மரம் என்றால் நுனிகூட இறங்காது. கெட்டுப்போனதில் பாதி ஊசி சத்தமே இல்லாமல் உள்ளே போய்விடும். சில இடங்களில் மரம் மூச்சுவிட முடியாதபடி கெட்டியான பெயின்டைப் பூசியிருப்பார்கள். உள்ளே புகுந்த ஈரம் வெளியேற வழியில்லாமல் அங்கேயே தங்கி மரத்தைத் தின்றுவிடும். இதைவிடத் தலைவலி கோபுரத்தின் காலடி மண். தலைமுறை தலைமுறையாகச் சுரண்டிச் சுரண்டிப் பூசிய பெயின்டில் ஈயம் இருந்தது. உதிர்ந்த செதில்கள் சுவரை ஒட்டிய மண்ணிலேயே கிடக்கும். பெரிய விளக்கங்களில் கூடுதல் கவலை உண்டு. டன் கணக்கில் எடையுள்ள கண்ணாடி வில்லை எளிதாகச் சுழல வேண்டும் என்பதற்காக அதைப் பாதரசத்தில் மிதக்கவிட்டிருந்தார்கள்.

அப்புறம் பாதை. கோபுரம் கைமாறிவிடும், அதற்குப் போகும் வழி பக்கத்து வீட்டுக்காரர் நிலத்துக்குள் ஓடும். விளக்குக் காவலர் இருந்த காலத்தில் யாரும் அதைக் கேள்வி கேட்டதில்லை. பத்திரம் எழுதும் நேரத்தில்தான் அப்படி ஓர் உரிமை எங்கேயும் பதிவாகவில்லை என்று தெரியவரும். கோபுரத்தைப் பற்றிய என் அறிக்கை எப்போதோ முடிந்திருக்கும். நில அளவையரும் வக்கீலும் அப்போதுதான் தொடங்கியிருப்பார்கள்.

ஒரு மீனவக் கிராமத்தில் அறிக்கையை விளக்கப் போயிருந்தேன். விளக்கத்தை வாங்க முன்வந்த ஊர்க்குழுவில் பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள். கோடையில் தேநீர்க் கடை, பரிசுப் பொருள் விற்பனை என்று வரவுக் கணக்கு போட்டு வைத்திருந்தார்கள். பொருளாளராக இருந்த அம்மா மட்டும் கடைசிவரை பேசாமல் இருந்துவிட்டு, "இப்போது பெயின்ட் அடித்துவிடுகிறோம், சரி. அடுத்த தடவை எப்போது அடிக்கணும்?" என்றார். உப்புக் காற்றில் நிற்கும் மரத்துக்குச் சில வருஷத்துக்கு ஒருமுறை அடித்தே ஆக வேண்டும் என்றேன். தேநீர்க் கடை வரவை அடித்துவிட்டு, அந்தப் பக்கத்தில் மேலே 'பெயின்ட்' என்று எழுதிக்கொண்டார். இப்படி ஓர் ஆள் இருக்கும் குழுவைப் பற்றி நான் கவலைப்படுவதில்லை. திறப்பு விழாவுக்கு அமைச்சரை அழைப்பது பற்றியே பேசும் குழுக்களைப் பார்த்தால்தான் வயிற்றைக் கலக்கும். காவலர் குடும்பம் அங்கேயே குடியிருந்தவரை ஒரு பலகை பெயர்ந்தால் அன்றைக்கே ஆணி அடிக்க ஆள் இருந்தது. (பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் நியூஃபவுண்ட்லாந்திலும் இன்னும் காவலர்கள் இருக்கும் விளக்கங்கள் உண்டு.) தானியங்கி விளக்கு வந்த பிறகு அந்தக் கண் போய்விட்டது. ஊர்க்குழு முதலில் ஈடுகட்ட வேண்டியது அதைத்தான்.

பலரும் எதிர்பார்க்காத விஷயம் ஒப்பந்தத்தில்தான் இருக்கும். இன்னும் எரிந்துகொண்டிருக்கும் கோபுரமாக இருந்தால், விளக்கு கைமாறாது. அது கடலோரக் காவல் படையிடமே இருக்கும். அவர்கள் வந்து பார்க்க வழிவிடும் கடமை புது உரிமையாளருக்கு. அந்தக் கிராமத்திலும் அப்படித்தான். எல்இடி அணைந்தால் அவர்கள் பொறுப்பு, அதற்கு ஏறும் படி உளுத்தால் ஊரின் பொறுப்பு. படிக்கும் விளக்கு மேடைக்கும் நடுவில் இருக்கும் அந்த இரும்பு மூடிக்கதவு யாருடையது என்று பொருளாளர் கேட்டார். இரண்டு தரப்பு வக்கீல்களும் அதற்குப் பதில் சொல்ல அவகாசம் கேட்டார்கள்.