மழை நாட்களில் அப்பா

அக்டோபர் 14

தம்பி இன்று மஸ்கட்டுக்குத் திரும்பினான். அம்மாவின் ஏழாம் நாள் திருப்பலி முடிந்துவிட்டது. பந்தல்காரரும் நாற்காலிகளை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். சாயங்காலம் அன்பியத்துக்காரர்கள், அதாவது பங்கில் எங்கள் பகுதி ஜெபக்குழுவினர், ஜெபமாலை சொல்ல வரும்போது மட்டும் வீடு நிறைந்திருக்கிறது. மற்ற நேரத்தில் நானும் அப்பாவும்தான். நான் மார்த்தாண்டத்துக்குப் போகாமல் கொஞ்ச நாள் இங்கேயே இருந்து பள்ளிக்கூடம் போய்வரலாம் என்றிருக்கிறேன்.

அப்பா நாளைக்கு ரப்பர் பால் வெட்டப் போகிறாராம். "மரம் நமக்காக நிக்காது மக்களே" என்றார்.

அக்டோபர் 17

பேச ஆரம்பித்துவிட்டார்கள். "பெண்டாட்டி போன ஈரம் காயல்ல, தலையில லைட்டக் கட்டிட்டு தோட்டத்துக்குப் போயாச்சு" என்று ஒரு மாமி என் காதில் விழும்படியே சொன்னார். எனக்கு ஆத்திரமாக வந்தது. அப்பா நான்கு மணிக்கு எழுவது அம்மாவை மறந்ததால் அல்ல. வெயில் ஏறுவதற்குள் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும். குலசேகரம் பக்கத்தில் ரப்பர் வைத்திருக்கும் எந்த வீட்டிலும் இதைத் தனியாகச் சொல்லவேண்டியதில்லை. அந்த மாமி வீட்டிலும் தோட்டம் இருக்கிறது.

ஆனால் அவர்கள் பார்க்காத ஒன்று உண்டு. வெட்டுவது அப்பா, அதற்குப் பிறகு எல்லாம் அம்மா. பாலை அரித்து, தண்ணீர் கலந்து, டிஷ் என்கிற தட்டுகளில் ஊற்றி, உறைவதற்கு ஆசிட்டைத் தண்ணீர் விட்டு நேர்ப்பித்துச் சேர்ப்பாள். மேலே திரளும் நுரையைக் கமுகம்பாளைத் துண்டால் ஒரே இழுப்பில் வழித்துவிடுவாள். நுரை நின்றால் உறைந்து வரும் ரப்பர் ஷீட்டில் குமிழ் விழும், கடையில் தரம் குறைத்துவிடுவார்கள். மறுநாள் உறைந்ததைக் கையால் அமுக்கிப் பரத்தி, முதலில் வழவழ ரோலர், அப்புறம் வரி ரோலர், பிறகு கம்பில் தொங்கவிட்டு, கடைசியில் புகை போட்டு உலர்த்தும் புகைப்புரை. அப்பாவுக்கு இதெல்லாம் தெரியாததல்ல. ஆனாலும் அந்த டிஷ்களைத் தொட அவருக்குக் கை வரவில்லை. பாலை மரத்தில் கட்டிய சிரட்டையிலேயே உறையவிட்டு, ஒட்டுப்பாலாகப் பிரித்து விற்கிறார். அதற்கு விலை குறைவுதான். இருக்கட்டும்.

அக்டோபர் 23

விடாத மழை. பட்டையில் தண்ணீர் வழிந்தால் பால் சிரட்டைக்குப் போகாது, வெட்டுக்கு வெளியே பரந்து வீணாகிவிடும். மழைக்கு மரத்தில் பிளாஸ்டிக் கட்டுவது இந்த வருடம் நடக்கவில்லை, அந்தச் சமயத்தில் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தாள். அதனால் மழை என்றால் அப்பா வீட்டில். காலையிலிருந்து அம்மாவின் தகரப்பெட்டியை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ரேஷன் கார்டு, கண்ணாடி, மருந்துச் சீட்டு என்று ஒவ்வொன்றாக எடுப்பதும் வைப்பதுமாக. மத்தியானம் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு சத்தமாகவே அழுதார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். சாயா ஆறிப்போனது.

அக்டோபர் 27

துக்கத்துக்கு ஐந்து கட்டம் என்று ஒரு படத்தைப் பள்ளிக்கூட குரூப்பில் அனுப்பியிருந்தார்கள். அப்பா எந்தக் கட்டத்தில் இருக்கிறார் என்று தேடித்தேடி எனக்குக் குழப்பம்தான் மிஞ்சியது. நாகர்கோவிலில் உளவியல் சொல்லிக்கொடுக்கும் தோழியிடம் கேட்டேன். எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969-இல் அதைச் சொன்னபோது, சாகப்போகிறோம் என்று தெரிந்த நோயாளிகளிடம் பேசித்தான் சொன்னாராம். பறிகொடுத்தவர்களுக்கு அது பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. படிப்படியாக யாரும் இறங்குவதில்லை என்றாள்.

அவள் சொன்ன இன்னொன்று எனக்குப் பிடித்தது. மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷுட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1999-இல் எழுதியதாம். பறிகொடுத்தவர் ஒரு நேரம் இழப்பைப் பார்த்து நிற்பார், ஒரு நேரம் அதை விட்டு அன்றாட வேலைக்குத் திரும்புவார். இப்படிப் போவதும் வருவதும்தான் துக்கம். அழுதுகொண்டே இருப்பது மட்டும் துக்கமல்ல. வெயிலில் தோட்டமும் மழையில் தகரப்பெட்டியுமாக அப்பா அதைத்தானே செய்கிறார்!

எனக்குத்தான் மழை நாள் கிடையாது. வகுப்பு, நோட்டுத் திருத்தம் என்று பகல் ஓடிவிடுகிறது. திரும்பும் பஸ் மார்த்தாண்டம் மேம்பாலத்தில் ஏறும்போது துக்கம் பிடித்துக்கொள்கிறது. தினமும் அந்த நேரத்துக்குத்தான் அம்மா கூப்பிட்டு "பஸ்சு கிடைச்சா?" என்பாள். பக்கத்து சீட்டுக்காரர் என்ன நினைத்தாலும் பரவாயில்லை என்று இப்போதெல்லாம் அழுதுவிடுகிறேன்.

நவம்பர் 2

கல்லறைத் திருநாள். கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த நாள் என்று நேற்று விடுமுறை, அதனால் நேற்றே போய்ப் புல் பறித்து மண்ணை அணைத்துவைத்தோம். இன்னும் கல் கட்டவில்லை, மரச் சிலுவைதான். இன்று தூறலும் காற்றும். எல்லார் மெழுகுதிரியும் அணைந்து அணைந்து போனது. அப்பா ஒரு சாக்கில் பழைய பால் சிரட்டைகளைக் கொண்டுவந்திருந்தார். எங்கள் திரிகளுக்கு மறைவு வைத்துவிட்டு, பக்கத்துக் கல்லறைக்காரர்களுக்கும் கொடுத்தார். பேசிக்கொண்டே இருந்த அந்த மாமியும் ஒன்று வாங்கிக்கொண்டார்.

நவம்பர் 20

அப்பா இரவில் தூங்குவதில்லை. எனக்குப் பயம் வந்து 14416-க்குப் பேசினேன். டெலி மானஸ் என்று ஒன்றிய அரசு 2022-இல் தொடங்கிய இலவச மனநல உதவி எண். எந்நேரமும் எடுக்கிறார்கள், தமிழிலேயே பேசலாம். சாப்பிடுகிறாரா, வேலைக்குப் போகிறாரா, யாரிடமாவது பேசுகிறாரா, வாழ்ந்து என்ன என்கிற மாதிரிப் பேச்சு உண்டா என்று அந்தப் பெண் நிதானமாகக் கேட்டார். கடைசிக் கேள்விக்கு ஆமாம் என்றால் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது என்றார். மற்றபடி, அழுவது நோயல்ல. ஆறு மாதம் தாண்டியும் ஏக்கம் துளியும் தணியாமல், அன்றாடக் காரியமே நடக்காமல் போனால்தான் நீடித்த துக்கம் என்று உலக சுகாதார நிறுவனம் வகைப்படுத்தியிருக்கிறதாம். பேசி முடித்தபோது எனக்கே பாரம் குறைந்திருந்தது. யாருக்காவது உதவும் என்றுதான் எண்ணை எழுதிவைக்கிறேன்.

டிசம்பர் 7

கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கு இந்த வருடம் போகவில்லை. அம்மா இல்லாமல் தேர் பார்க்க எனக்கே மனசில்லை. கிறிஸ்துமஸுக்கு என்ன செய்வது என்று தம்பி வீடியோவில் கேட்டான். துக்க வீடு, ஒன்றும் வேண்டாம் என்பது சித்தியின் கட்சி. அப்பா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஸ்டார் போடாண்டாம். குடில் வைக்கணும், அவ வைக்காம இருந்ததில்ல" என்றார்.

அப்புறம் என்னைக் கூப்பிட்டு, டிஷ்களைக் கழுவிவைக்கச் சொன்னார். நாளை காலை மழை இல்லையென்றால் பால் ஊற்றப்போகிறாராம். மறுநாள் ரோலர் சுற்ற ஆள் வேண்டும். தலைமை ஆசிரியரிடம் அரைநாள் லீவு சொல்லிவிட்டேன்.