1070: ஒரு காலப்பயணக் கதைக்கான நாட்குறிப்பு

மார்ச் 3

கதைக்களம் சோழர் தலைநகரான கங்கைகொண்ட சோழபுரம். வீரராஜேந்திரன் மறைந்ததும் மகன் அதிராஜேந்திரன் தனியரசனானான். சில வாரங்களில் அவனும் போய்ச் சேர்ந்தான். முதலாம் ராஜேந்திரனின் மகள் வயிற்றுப் பேரனான வேங்கி (ஆந்திரக் கரையோர நாடு) இளவரசன், குலோத்துங்கனாக அரியணை ஏறினான்.

நடுவில் நடந்தது என்ன? அதிராஜேந்திரன் கலகத்தில் மாண்டான் என்கிறார் வடமொழிப் புலவர் பில்கணர். அவர் பாடியது மேலைச் சாளுக்கிய மன்னன் விக்கிரமாதித்தனுக்கு. அவனோ அதிராஜேந்திரனின் உடன்பிறந்தாளை மணந்தவன். கலிங்கத்துப்பரணி அதிராஜேந்திரன் பேச்சையே எடுக்கவில்லை. அது குலோத்துங்கன் பக்கத்துப் பாட்டு, எடுக்காது. கும்பகோணம் பக்கத்துக் கூகூர்க் கல்வெட்டோ அரசன் நோய் நீங்கத் திருப்பதிகம் ஓத ஏற்பாடு செய்ததைச் சொல்கிறது. காலப்பயணியை இறக்க இந்த இடைவெளிதான் தோது.

மார்ச் 4

ஒரே விதி: கல்லில் இருப்பது மாறக் கூடாது. அதிராஜேந்திரனைப் பிழைக்க வைத்தால் குலோத்துங்கனின் ஐம்பதாண்டு ஆட்சி, சுங்கம் தவிர்த்தது, 1077இல் சீனாவுக்குப் போன 72 பேர் தூதுக்குழு, பரணி எல்லாம் கழன்றுவிடும்.

மார்ச் 9

தேதியில்தான் பலர் வழுக்குகிறார்கள். குலோத்துங்கன் பட்டமேறிய நாளாகக் கணித்திருப்பது 1070 ஜூன் 9. அது ஜூலியன் கணக்கு. இன்றைய நாட்காட்டிக்கு 6 நாள் கூட்டினால் ஜூன் 15. இன்று ஜூன் 15 ஆனி பிறக்கிற நாள். அன்றோ ஆனி பாதி கடந்திருக்கும், ஏனென்றால் சித்திரை முதல் நாள் அப்போது ஜூலியன் கணக்கில் மார்ச் 24 வாக்கில் வந்தது. ஆடிப்பெருக்கும் இன்றைய கணக்கில் ஜூலை 19ஐ ஒட்டி விழும். இதைக் கவனிக்காமல் ஆற்றில் வெள்ளம் விட்டால் பருவம் தப்பிவிடும். கூகூரிலிருந்து தலைநகருக்கு வருபவன் கொள்ளிடம் தாண்டியாக வேண்டும். மேலணை வந்தது 1836இல், மேட்டூர் 1934இல். ஆகவே இன்றைய நீரோட்டத்தைப் பார்த்து எழுதக் கூடாது.

மார்ச் 10

வேங்கியின் தலைநகர் ராஜமகேந்திரத்திலிருந்து சோழபுரம் நேர்கோட்டிலேயே 690 கி.மீ. படை நாளுக்கு 20 கி.மீ. நடந்தால் ஐந்து வாரம். பில்கணர் சொல்படி, விக்கிரமாதித்தன் சோழபுரத்தில் ஒரு மாதம் தங்கி, மைத்துனனை அமர்த்திவிட்டுத் துங்கபத்திரைக்குத் திரும்பிய சில நாளிலேயே எல்லாம் முடிந்ததாம். சாவுச் செய்தி கேட்டு வேங்கியிலிருந்து புறப்பட்டவன் அத்தனை சீக்கிரம் வந்திருக்க முடியாது. குலோத்துங்கன் முன்னமே பக்கத்தில் எங்கோ இருந்தான் என்று வைத்தால் கதை நிற்கிறது. அவன் பாசறை எங்கே என்று கண்டுபிடிப்பதையே பயணியின் வேலையாக்கலாம்.

மார்ச் 16

சில்லறைப் பிசகுகள். சமையலில் மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு கூடாது, காரத்துக்கு மிளகு. கல்வெட்டைப் பயணி கடகடவென்று படிக்க முடியாது: எழுத்து வடிவம் வேறு, புள்ளி பெரும்பாலும் இருக்காது, எகர ஏகார வேறுபாடும் தெரியாது. கையில் நம் காசு உதவாது. சின்னப் பொன்கட்டி போதும், உரைத்து, நிறுத்து வாங்குவார்கள். நிறை சொல்லும்போது 2 குன்றி 1 மஞ்சாடி, 20 மஞ்சாடி 1 கழஞ்சு. நகைக்கடை 22 காரட் செம்பு கலந்தது, உரைகல்லில் மாற்று (பொன்னின் தரம்) குறையும். கல்வெட்டு கேட்பது தீப்போக்குச் செம்பொன், அதாவது தீயில் உருக்கிச் சுத்தம் செய்த பொன். 24 காரட்டாகவே கொடுத்தனுப்ப வேண்டும்.