சார்னாக்கின் கல்லறையில் பல்லாவரத்துக் கல்

பல்லாவரத்தில் வளர்ந்தவர்களுக்குக் கல் என்பது வேடிக்கை பார்க்கிற பொருள் அன்று. திரிசூலம் மலையில் வெடி வைக்கும் சத்தத்தையும், ஜல்லி ஏற்றிய லாரிகள் கிளப்பும் புழுதியையும் கேட்டும் சுவாசித்தும் வளர்ந்தவன் நான். வீடு கட்டுகிறவர்கள் 'ப்ளூ மெட்டல்' என்று கேட்டு வாங்கும் அந்தக் கருநீலக் கல்லுக்கு உலகப் புவியியல் நூல்களில் ஒரு தனிப்பெயர் இருக்கிறது என்பதையும், அந்தப் பெயர் கல்கத்தாவில் உள்ள ஒரு கல்லறையிலிருந்து வந்தது என்பதையும் நாற்பது வயதுக்கு மேல்தான் அறிந்துகொண்டேன். ஆகவே சென்ற டிசம்பரில் அலுவல் காரணமாகக் கல்கத்தா செல்ல நேர்ந்தபோது, காளி கோயிலுக்கும் முன்பாக நான் போய் நின்ற இடம் ஆளுநர் மாளிகைக்கு அருகில் உள்ள செயின்ட் ஜான் தேவாலயத்தின் வளாகம்.

வங்காளிகள் இந்தத் தேவாலயத்தைப் 'பாத்துரே கிர்ஜா', அதாவது கல் தேவாலயம், என்று அழைத்திருக்கிறார்கள். நம் ஊரில் கல்லால் கட்டிய கோயிலைக் கல் கோயில் என்று தனியாகச் சொல்ல வேண்டிய தேவை எழுவதில்லை. கங்கையின் வண்டல் படிந்து உருவான அந்தச் சமவெளியில், தோண்டத் தோண்டச் சேறும் களிமண்ணும்தான் கிடைக்கும் என்பதால், அங்கே கல் என்பதே ஒரு செய்தி. ஷோபாபஜாரின் மகாராஜா நபகிருஷ்ணர் நிலத்தைக் கொடுக்க, 1784இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் அடிக்கல் நாட்ட, வங்காள சுல்தான்களின் பழைய தலைநகரான கௌர் நகரத்து இடிபாடுகளிலிருந்து கற்களைக் கொண்டுவந்து, 1787இல் இதைக் கட்டி முடித்தார்கள். கட்டடத்தை வடிவமைத்தவர் ஜேம்ஸ் ஆக் என்ற படை அதிகாரி. லண்டனில் உள்ள செயின்ட் மார்ட்டின் தேவாலயத்தை அவர் மாதிரியாகக் கொண்டார்.

ஆனால் கல்லறைகள் தேவாலயத்தைவிட மூத்தவை. ஏறக்குறைய முக்கால் நூற்றாண்டாக ஆங்கிலேயர்கள் தங்கள் இறந்தோரைப் புதைத்துவந்த இடுகாட்டின் மேல்தான் இந்தத் தேவாலயம் எழுந்தது. 1767இல் பார்க் ஸ்ட்ரீட் இடுகாடு திறக்கப்பட்டதும் இங்கே புதைப்பது நின்றது. 1802இல் சிதைந்து கிடந்த பழைய கல்லறைகளில் பெரும்பாலானவற்றை இடித்துத் தள்ளி, எழுத்துள்ள பலகைகளை மட்டும் ஒதுக்கி வைத்தார்கள். எனவே இங்கே ஒரு பெயரைப் படிக்கும்போது, அந்தப் பெயருக்கு உரியவர் அதே இடத்தில்தான் இருக்கிறார் என்று நம்பிவிடக் கூடாது.

வளாகத்தின் ஒரு மூலையில் எட்டுப் பட்டையாக, வெள்ளையடித்து, மொகலாயப் பாணியின் சாயலோடு நிற்கும் மண்டபம் ஜாப் சார்னாக்கினுடையது. கிழக்கிந்தியக் கம்பெனியின் முகவராக முப்பது ஆண்டுகளுக்கு மேல் வங்காளத்திலும் பீகாரிலும் அலைந்த இவர், 1690 ஆகஸ்ட் 24 அன்று சுதானுட்டி என்ற கிராமத்தில் கரையிறங்கினார்; கல்கத்தாவின் பிறந்தநாள் என்று அந்தத் தேதியைத்தான் நெடுங்காலம் கொண்டாடினார்கள். நகரம் எவரோ ஒருவர் நிறுவியதன்று, சார்னாக்கை அதன் நிறுவனராகக் கொள்ளக் கூடாது என்று 2003இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஏற்கெனவே நெசவாளர்களும் சந்தையும் இருந்த ஊரில் மழையில் நனைந்தபடி வந்து இறங்கியவரை நிறுவனர் என்பது மிகைதான் என்பதால், தீர்ப்பு எனக்குச் சரியாகவே படுகிறது.

சார்னாக் அந்தக் கரைக்கு எங்கிருந்து வந்தார் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. மொகலாயரோடு ஏற்பட்ட சண்டையில் கம்பெனியார் வங்காளத்தை விட்டே வெளியேற நேர்ந்தபோது, அவர் தஞ்சம் புகுந்தது சென்னையின் செயின்ட் ஜார்ஜ் கோட்டையில். எலிஹு யேல் ஆளுநராக இருந்த அந்தக் காலத்தில், 1689 முதல் ஓராண்டுக்கு மேல் அவர் இங்கே தங்கியிருந்தார். அவருடைய மூன்று மகள்களான மேரி, எலிசபெத், கேத்தரின் ஆகியோருக்கும் 1689 ஆகஸ்ட்டில் கோட்டைக்குள் உள்ள செயின்ட் மேரி தேவாலயத்தில்தான் ஞானஸ்நானம் நடந்தது.

மூத்த மகள் மேரியின் கணவர் சார்லஸ் அயர், மாமனாருக்கு 1695 வாக்கில் இந்த மண்டபத்தைக் கட்டினார். வங்காளத்தில் கல் இல்லையே, பலகைக்கு எங்கே போவது? கல் சென்னையிலிருந்து கப்பலில் சென்றது. அதில் பொறித்துள்ள லத்தீன் வாசகம், தனதல்லாத மண்ணில் நெடுங்காலம் அலைந்தபின் அவர் தம் நித்திய வீட்டுக்குத் திரும்பினார் என்று சொல்கிறது. தம் உடலை இந்தப் 'பளிங்கின்' கீழ் விட்டுச்சென்றார் என்றும் சொல்கிறது. கல்லறை வாசகங்களில் பளிங்கு என்று எழுதுவது அவர்களுடைய மரபு போலும். நான் பார்த்தது பளிங்கு அன்று, எங்கள் ஊர் மலை. வாசகம் சொல்லும் இறந்த தேதி 1692 ஜனவரி 10. அன்றைய ஆங்கிலேயருக்கு ஆண்டு மார்ச் 25 அன்றுதான் பிறந்தது என்பதால், நம் கணக்குப்படி அது 1693.

கல்லின் அடையாளத்தைக் கண்டுகொண்டவர் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த தாமஸ் ஹாலந்து. பறங்கிமலையிலும் பல்லாவரத்திலும் கிடைக்கும் ஹைப்பர்ஸ்தீன் என்ற கனிமம் கலந்த பாறைவகையை ஆராய்ந்த அவர், அதே பாறையைக் கல்கத்தாவின் மிகப் பழைய கல்லறைகளுள் ஒன்றான இதில் கண்டு, சார்னாக்கின் நினைவாக அதற்குச் 'சார்னோக்கைட்' என்று பெயரிட்டார். பூமியின் ஆழத்தில், கடும் வெப்பத்தில், சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் உருவான பாறை அது. இன்று இலங்கையிலும் ஆப்பிரிக்காவிலும் அண்டார்டிகாவிலும்கூட இவ்வகைப் பாறையைக் கண்டால் புவியியலாளர்கள் அந்தப் பெயரைத்தான் சொல்கிறார்கள். நீதிமன்றம் நகரத்தை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது. பாறையை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. பல்லாவரத்துக் கல் என்றே பெயர் வைத்திருக்கலாமே என்ற ஆதங்கம் எனக்கு உண்டு என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அந்தப் பலகையில் இல்லாத ஒரு பெயரும் உண்டு. உடன்கட்டை ஏறவிருந்த இளம் விதவை ஒருத்தியைச் சார்னாக் காப்பாற்றித் தம்மோடு வைத்துக்கொண்டார் என்றும், அவள் இறந்தபின் ஆண்டுதோறும் அவள் கல்லறையில் ஒரு சேவலைப் பலியிட்டார் என்றும் அலெக்சாண்டர் ஹாமில்டன் என்ற கப்பல் மாலுமி பின்னாளில் எழுதிவைத்தார். மாலுமிகளின் கதைகளை எவ்வளவு நம்புவது என்பது வேறு. ஆனால் மூன்று பெண் பிள்ளைகளைப் பெற்ற ஓர் இந்தியப் பெண் இருந்தாள். 1697இல் இறந்த மகள் மேரிக்கு அதே பலகையில் இடம் கொடுத்தவர்கள், பத்தொன்பது வயதில் இறந்த கடைசி மகள் கேத்தரினுக்குத் தனிப் பலகை வைத்தவர்கள், தாயைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. அவள் பெயரை மரியா என்று பிற்காலத்தார் சொல்வதெல்லாம் ஊகத்தின் மேல் எழுந்ததுதான்.

வளாகத்தில் எல்லோரும் நின்று படம் எடுத்துக்கொள்வது, வட இந்தியாவில் ரோஹில்லா ஆப்கானியரோடு நடந்த போரில் மாண்டவர்களுக்காக எழுப்பிய பன்னிரு தூண் மண்டபத்தின் முன்னால். 1756 ஜூனில் வங்காள நவாபின் ஆட்கள் ஆங்கிலேயக் கைதிகளை அடைத்த 'இருட்டறை'யில் இறந்தவர்களுக்காகக் கர்சன் பிரபு நகர நடுவே வைத்த வெள்ளைத் தூணும், சுபாஷ் சந்திர போஸ் தொடங்கிய கிளர்ச்சிக்குப் பின் 1940இல் இங்கே கொண்டுவரப்பட்டுப் பின்புறம் நிற்கிறது. இரண்டின் அடியிலும் யாரும் இல்லை. வைஸ்ராய் கானிங் பிரபுவின் மனைவி சார்லட்டின் நினைவுச்சின்னம் தாழ்வாரத்தில் இருக்கிறது; அவரும் புதைக்கப்பட்டது பாரக்பூரில். அவர் பெயரால் வழங்கும் 'லெடிகெனி' என்ற இனிப்பைக் கல்கத்தாக் கடைகளில் இன்றும் வாங்கலாம் என்பது, நினைவுச்சின்னத்தைவிட நீடித்த புகழ் என்றே எனக்குத் தோன்றுகிறது.

உண்மையாகவே இங்கே இருப்பவர்களில், ஒருவர் கதைக்குள் மற்றவர் கதை நுழையும்படி இருவர் உண்டு. முதலாமவர் அட்மிரல் சார்லஸ் வாட்சன். வங்காள நவாப் சிராஜ் உத் தௌலா கல்கத்தாவைக் கைப்பற்றிய செய்தி சென்னைக்கு எட்டியதும், 1756 அக்டோபரில் கிளைவின் படையை ஏற்றிக்கொண்டு அங்கிருந்து புறப்பட்ட கப்பல்களின் தலைவர் இவர். கல்லறை, கூர்நுனித் தூண் ஒன்றின் வடிவில் நிற்கிறது. கேரியா, கல்கத்தா, சந்தர்நகோர் என்று அவர் வென்ற ஊர்களை வரிசையாகச் சொல்லும் அதன் வாசகத்தைப் படித்தபோது, சோழர் மெய்க்கீர்த்தியின் சுருக்கம் போல இருந்தது. மெய்க்கீர்த்தி சொல்லாத ஒன்றும் உண்டு. நவாபைக் கவிழ்க்க அவருடைய படைத்தலைவர் மீர் ஜாஃபரோடு கம்பெனியார் செய்த சதியில், இடைத்தரகரான ஓமிசந்தை ஏமாற்றுவதற்காக ஒரு போலி ஒப்பந்தத்தைச் சிவப்புத் தாளில் தயாரித்தார்கள். உண்மை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட வாட்சன், போலியில் கையெழுத்திட மறுத்தார். கிளைவ் அவருடைய கையெழுத்தை வேறொருவரைக் கொண்டு போடச் செய்தார். பிளாசிப் போர் முடிந்து இரண்டு மாதம்கூட ஆகாத நிலையில், 1757 ஆகஸ்ட் 16 அன்று வாட்சன் கல்கத்தாவிலேயே காய்ச்சலில் இறந்தார்.

அந்த உண்மை ஒப்பந்தத்தை, பெண்கள் செல்லும் மூடுபல்லக்கில் ஒளிந்து சென்று மீர் ஜாஃபரின் கையெழுத்தைப் பெற்று வந்தவர் காசிம்பஜாரில் கம்பெனியின் அதிகாரியாக இருந்த வில்லியம் வாட்ஸ். அவர் இங்கிலாந்தில் இறந்தார். அவருடைய மனைவி இங்கே இருக்கிறார். அவர்தான் பேகம் ஜான்சன் என்று ஊரறிந்த ஃபிரான்சஸ். கடலூர் தேவனாம்பட்டினத்தில் இன்றும் இடிந்து நிற்கும் செயின்ட் டேவிட் கோட்டையின் ஆளுநராக இருந்த எட்வர்ட் குரோக்கின் மகள் இவர், பிறந்தது 1725இல். பதின்மூன்று வயதில் முதல் திருமணம், அந்தக் கணவர் இறந்தபின் மணந்த இரண்டாமவர் திருமணமாகிச் சில நாட்களிலேயே பெரியம்மையில் போனார், மூன்றாமவர்தான் வாட்ஸ். 1756இல் காசிம்பஜார் நவாபின் கையில் விழுந்தபோது, குழந்தைகளோடு சிறைப்பட்ட இவரை நவாபின் அந்தப்புரத்துப் பெண்கள் தங்கள் பாதுகாப்பில் வைத்திருந்து பத்திரமாக அனுப்பிவைத்தார்கள். அந்த நாட்களைப் பற்றி அவர் சொல்லிச் சொல்லித்தான் 'பேகம்' என்ற பட்டம் ஒட்டிக்கொண்டது. எந்தப் பெண்கள் அவரைக் காப்பாற்றினார்களோ, அவர்களுடைய வீட்டுப் பிள்ளையை வீழ்த்தும் ஒப்பந்தத்தை மறு ஆண்டே அவருடைய கணவர் பல்லக்கில் சுமந்தார் என்பதை அவர் எப்படிச் சொல்லியிருப்பார் என்று அந்தக் கல்லறை முன் நின்று வெகுநேரம் எண்ணிக்கொண்டிருந்தேன்.

விதவையாகித் தனியாகக் கல்கத்தா திரும்பிய ஃபிரான்சஸ், 1774இல் நான்காவதாக மணந்தவர் வில்லியம் ஜான்சன் என்ற பாதிரியார். இந்தத் தேவாலயம் எழுவதற்கு முன்னின்று பாடுபட்டவர்களில் முதன்மையானவரும் அவரே. கட்டி முடித்த மறு ஆண்டே அவர் இங்கிலாந்துக்குப் போய்விட்டார். ஃபிரான்சஸ் உடன் போக மறுத்து, அவருக்கு ஆண்டுதோறும் ஒரு தொகையை ஏற்பாடு செய்துவிட்டு, தம் வீட்டில் சீட்டாட்டமும் விருந்துமாக மேலும் 24 ஆண்டுகள் வாழ்ந்தார். மூடிவிட்ட இடுகாட்டில் தமக்கு ஓர் இடம் வேண்டும் என்று கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி பிரபுவிடமே கேட்டு வாங்கியிருந்தார். 1812 பிப்ரவரியில், 87ஆம் வயதை நெருங்கும்போது அவர் இறக்க, அரசு மரியாதையோடு ஊர்வலம் நடந்தது. அதே ஆண்டு ஜூனில் அவருடைய மகள்வழிப் பேரன் லிவர்பூல் பிரபு இங்கிலாந்தின் பிரதமரானார். கல்லறை வாசகம் நான்கு கணவர்களையும், பிள்ளைகளையும் ஒருவர் விடாமல் சொல்கிறது. இவ்வளவு நீளமான, இவ்வளவு நிதானமான கல்வெட்டை நான் வேறு எங்கும் படித்ததில்லை.

கடைசியாகச் சார்னாக்கின் மண்டபத்துக்கே திரும்பினேன். அங்கே மருத்துவர் வில்லியம் ஹாமில்டனின் பலகை இருக்கிறது. இவர் முன்பு சொன்ன மாலுமி ஹாமில்டன் அல்லர். ஜான் சர்மன் தலைமையில் டெல்லிக்குச் சென்ற தூதுக்குழுவில் இருந்த இவர், பேரரசர் ஃபரூக்சியரின் நோயைத் தீர்த்தார். அதற்குப் பரிசாக யானை, குதிரை, வைர மோதிரங்களோடு, தம் அறுவைக் கருவிகள் அனைத்துக்கும் தங்கத்தில் மாதிரிகளையும் பெற்றார். 1717இல் கம்பெனி பெற்ற ஃபர்மானுக்கு, அதாவது அரசாணைக்கு, அவருடைய கைராசியும் ஒரு காரணம் என்று எழுதாதவர் இல்லை. அந்த ஃபர்மானை வங்காள வரலாறாகவே எல்லோரும் படிக்கிறார்கள். வங்காளத்தில் ஆண்டுக்கு மூவாயிரம் ரூபாய் கட்டிவிட்டுச் சுங்கமின்றி வணிகம் செய்யும் உரிமையை அளித்த அதே ஃபர்மான்தான், திருவொற்றியூர், நுங்கம்பாக்கம், வியாசர்பாடி, கத்திவாக்கம், சாத்தங்காடு என்ற சென்னையை ஒட்டிய ஐந்து ஊர்களையும் கம்பெனிக்கு உறுதிசெய்தது. நுங்கம்பாக்கத்தில் பதினொரு ஆண்டுகள் வேலை பார்த்த எனக்கு இது அங்கே நின்றபோதுதான் உறைத்தது.

திரும்பி வருகிறேன் என்று பேரரசரிடம் வாக்குக் கொடுத்துவிட்டுக் கல்கத்தா வந்த ஹாமில்டன், 1717 டிசம்பர் 4 அன்று இறந்தார். அவருடைய பலகை ஆங்கிலத்திலும் பாரசீகத்திலும் பொறிக்கப்பட்டது. பிறகு மண்ணுக்குள் போய், எழுபது ஆண்டுகள் கழித்துத் தேவாலயத்தின் கோபுரத்துக்கு அடித்தளம் தோண்டியபோது வெளிப்பட்டது. எடுத்தவர்கள் அதைச் சார்னாக்கின் மண்டபத்தில் கொண்டுவந்து வைத்தார்கள். மண்டபத்திலிருந்து வெளியே வந்து கோபுரத்தைச் சுற்றி ஒருமுறை நடந்தேன். அவர் இருப்பது அதன் அடியில் எங்கோதான். அங்கே எந்தக் கல்லும் இல்லை.