ஒன்றரை மணி நேர வைவாவுக்கு

16 ஜூன் 2025, திங்கள், கும்பகோணம்

மேட்டூரில் 12ஆம் தேதியே தண்ணீர் திறந்தாயிற்று. எங்கள் வாய்க்காலில் இன்னும் புழுதிதான்.

விமானப் பயணத்தைக் குறைக்க வழியுண்டா என்று துறையின் பயணக் கோப்பைப் புரட்டினேன். அதிகம் பறந்தவர்கள் நாங்கள் இல்லை, ஆய்வு மாணவர்களின் வாய்மொழித் தேர்வான வைவாவுக்கு வந்த வெளித் தேர்வாளர்கள். ஒருவர் குவாஹாட்டியிலிருந்து சென்னை, அங்கிருந்து திருச்சிக்கு இன்னொரு விமானம், அப்புறம் கார். இந்தச் சென்னை–திருச்சிக் குட்டித் தாவல்தான் மோசம். மேலே ஏறும்போதுதானே விமானம் எரிபொருளை அதிகம் குடிக்கிறது. கேள்வி கேட்டதோ ஒன்றரை மணி நேரம். அவருடைய போர்டிங் பாஸில் எழுத்தெல்லாம் வெளிறி வெறும் வெள்ளைச் சீட்டாகிவிட்டது. ஆடிட்டுக்காக எடுத்த ஜெராக்ஸ் மட்டும் பளிச்சென்று இருக்கிறது.

19 ஜூன், வியாழன்

அடுத்த வைவாவைக் காணொலியில் வைக்கலாம், 2020 ஊரடங்கில் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியே அனுமதித்ததே என்றேன். "அது ஆபத்துக்குப் பாவமில்லைன்னு செஞ்சது தம்பி" என்றார் துறைத் தலைவர். பிறகு, "சரி, ஒண்ணு நடத்திப் பாருங்க."

பெல்ஜியத்தில் கென்ட் பல்கலைக்கழகம், ரயிலிலோ பஸ்ஸிலோ 6 மணி நேரத்தில் போகக்கூடிய ஊர்களுக்கு விமானம் வேண்டாம் என்று பட்டியலே வைத்திருக்கிறது. நமக்கு அந்த நேரத்தில் சென்னையே முக்கி முனகித்தான் வரும். ஆனால் ராத்திரி உழவன் எக்ஸ்பிரஸில் படுத்தால் விடிகாலை எழும்பூர்.

பயண விண்ணப்பத்தைக் கூகுள் படிவமாக்கி, 'நேரில் போக வேண்டிய காரணம்' என்று ஒரு கட்டம் சேர்த்தேன். முதலில் நிரப்பியவர் எழுதியது: 'நேரில் போனால்தான் சான்றிதழுக்கு மதிப்பு.' பொய்யில்லை.

27 ஜூன், வெள்ளி

வைவா. பத்தாவது நிமிடம் கரண்ட் போனது. யுபிஎஸ் கீச்சிட, மாணவியின் போன் ஹாட்ஸ்பாட்டில் ஓட்டினோம். வேதாரண்யத்திலிருந்து அவள் அம்மாவும் பார்த்துக்கொண்டிருந்தார். மைக்கை அணைக்கவில்லை போலும், நடுவில் ஒரு சேவல் கூவியது. அப்புறம் அவர் குரல்: "முடிஞ்சுதா பாப்பா?" குவாஹாட்டிக்காரரும் சிரித்துவிட்டார்.

டிகிரி காபி போச்சே என்று வருத்தப்பட்டார். எனக்கு வேறு வருத்தம். போன தடவை சாப்பாட்டுக்கு அப்புறம் இன்னொரு மாணவனின் அத்தியாயத்தை ஒரு மணி நேரம் உட்கார்ந்து திருத்திக் கொடுத்தார். இன்று "நன்றி" என்றதும் திரை கறுத்துவிட்டது. அந்தப் பையனுக்காகத் தனியாக ஒரு மணி நேரம் கேட்டு மெயில் போட்டிருக்கிறேன்.

2 ஜூலை, புதன்

வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. தேர்வாளரின் மதிப்பூதியப் பில்லும் திரும்பி வந்துவிட்டது: 'பயணச்சீட்டு இணைக்கப்படவில்லை.' பயணமே இல்லை என்று எழுதி அனுப்பினேன். அதற்கு ஒரு சான்றிதழ் வேண்டுமாம்.