தொக்கி நிற்கும் மருந்து

என் சட்டையில் மருந்தாளுநர் என்று அட்டை தொங்கினாலும் எங்கள் மருத்துவமனைக்கு வரும் பெரியவர்களுக்கு நான் கம்பவுண்டர்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அது உறுத்தியது. இப்போது அந்தப் பெயரே சரி என்று தோன்றுகிறது. மருத்துவரின் சீட்டுக்கு மருந்தைக் கூட்டவும் கலக்கவும் வழங்கவும் யாருக்கு உரிமை என்று சொல்லும் 1948ஆம் ஆண்டு பார்மசி சட்டம்கூட, ‘காம்பவுண்ட்’, அதாவது கூட்டு, என்ற வினையைத்தான் முதலில் வைக்கிறது.

ஒருநாள் சீட்டை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்த பாட்டி ஒருவர், "சர்க்கரை மாத்திரை கொடு தம்பி" என்றார். பயிற்சிக்கு வந்திருந்த பையன், காபியில் போடும் இனிப்பு மாத்திரை டப்பாவை எடுத்து நீட்டினான். "இது காபிக்கு ஆயிற்றே, எனக்கு உள்ளுக்குச் சாப்பிடுவது வேண்டும்" என்று பாட்டியே திருத்தினார். சீட்டை எடுத்துவரச் சொல்லி அனுப்பினோம்.

பையனைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. தூக்க மாத்திரை தூக்கத்தைத் தருகிறது; தலைவலி மாத்திரை தலைவலியைப் போக்குகிறது. இருமல் மருந்து இருமலுக்கு எதிரி, குழந்தை மருந்து குழந்தைக்கு எதிரி அல்ல. எலி மருந்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பள்ளியில் ‘உருபும் பயனும் உடன்தொக்க தொகை’ (வேற்றுமை உருபும் பொருளை விளக்கும் சொல்லும் நடுவே மறைந்து நிற்கும் கூட்டுச்சொல்) என்று மனப்பாடம் செய்தபோது, இது மதிப்பெண்ணுக்கான சங்கதி என்றே நினைத்திருந்தேன். மறைந்து நிற்கும் அந்தப் ‘பயன்’ எதுவென்று ஊகிப்பதில்தான் என் பிழைப்பே நடக்கப்போகிறது என்று தமிழாசிரியர் சொல்லவில்லை. நிலவேம்புக் குடிநீரில் 9 சரக்குகள் உண்டு. பெயரில் இருப்பது ஒன்றுதான். மற்ற எட்டும் தொக்கி நிற்கின்றன!

கலக்கும் வேலை இன்று அநேகமாகக் குழந்தைகள் வார்டுக்கு மட்டும்தான். மாத்திரை 25 மில்லிகிராம். பச்சிளங்குழந்தைக்கு வேண்டியதோ 2 மில்லிகிராம். பொடித்து, லாக்டோஸ் என்ற பால் சர்க்கரையைச் சேர்த்துப் பொட்டலம் கட்ட வேண்டும். லாக்டோஸ் முழுவதையும் ஒரேயடியாகக் கொட்டிக் கிளறினால் மருந்து எங்கோ ஒரு மூலையில் திரண்டுவிடும். ஒரு பொட்டலத்தில் ஒன்றுமே இராது, இன்னொன்றில் இரட்டிப்பாக இருக்கும். அதனால் மருந்துப்பொடியின் அளவுக்கு லாக்டோஸ் போட்டு அரைப்போம். பிறகு அந்த மொத்தத்தின் அளவுக்கு இன்னொரு பங்கு. ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, நான்கு எட்டாகும். கூட்டு வட்டிக்காரரின் கணக்கேதான், இங்கே யாரும் கடனாளி ஆவதில்லை என்பதைத் தவிர. கண்ணுக்கு எல்லாப் பொட்டலமும் ஒரே வெள்ளை. அவசரப்பட்டுக் கலந்ததா, பொறுமையாகக் கலந்ததா என்று பார்த்துச் சொல்ல முடியாது. இந்த வேலையில் என்னை இன்றும் பயமுறுத்துவது அந்த வெள்ளைதான்.

சொல்லில் ஒரு கூட்டு, பொடியில் ஒரு கூட்டு. மூன்றாவது கூட்டு, புள்ளியியல் படிக்கும் என் மகள் வழியாக வந்தது. வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை ஒன்றுக்கு எங்களிடம் நாளொன்றுக்குச் சராசரியாக 40 சீட்டுகள் வரும். சீட்டுக்குச் சராசரி 10 மாத்திரை. ஆக 400. தாராளமாக 500 வைத்திருந்தும் மாதத்தில் மூன்று நான்கு நாள் மதியத்துக்கு மேல் தீர்ந்துவிடும். யாரோ எடுக்கிறார்கள் என்றுகூடச் சந்தேகப்பட்டேன்.

"அப்பா, உங்களிடம் யாராவது 10 மாத்திரை வாங்குகிறார்களா?" என்று கேட்டாள். யோசித்துப் பார்த்தால் ஒருவரும் இல்லை. ஐந்தில் நான்கு பேர் 5 மாத்திரை வாங்குகிறவர்கள். ஐந்தாமவர் மாதத்துக்கும் சேர்த்து 30 வாங்குகிறார். எத்தனை பேர் வருவார்கள் என்பது ஒரு நிச்சயமின்மை. வருகிறவர் எத்தனை கேட்பார் என்பது அதற்குள் இன்னொன்று. இதற்குக் கூட்டுப் பாய்சான் பரவல் என்று பெயராம். எல்லோரும் சரியாக 10 வாங்கினால் ஒருநாள் தேவையின் திட்ட விலக்கம், அதாவது சராசரியைவிட்டு அது வழக்கமாக ஏறி இறங்கும் அளவு, சுமார் 63. என் வாடிக்கையாளர்களின் கலப்பில் அது 89 என்று போட்டுக் காட்டினாள். சராசரி இரண்டிலும் அதே 400.

இப்போது 600 வைக்கிறேன். சென்ற மாதம் ஒரு மாலை அதுவும் தீர்ந்தது. கடைசியாக வந்தவர் 30 கேட்டார், 12தான் இருந்தன. மீதிக்கு நாளைக் காலை வரச்சொல்லிச் சீட்டின் பின்புறம் எழுதிக் கொடுத்தேன்.